தாமிரபரணி ஒன்பதாகாமல் இருக்க: கணினிக்கேற்ற தமிழ்ப் பிரெய்ல் தயாரிக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்பு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவர் தம் ஊரைப் பற்றிய கட்டுரையை, கணினி விசைப்பலகையின் ஆறு விசைகளைக் கொண்டு, பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் பிரெய்ல் முறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பத்தி முடிந்ததும், திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் நிரலான திரைவாசிப்பானை வாசிக்கவிட்டார். அது “தாமிரபர ஒன்பது” என்றது. மறுபடியும் அழித்து அடித்தார், மறுபடியும் ஒன்பதுதான். “அண்ணாச்சி, நான் ஆறுன்னு அடிச்சேன், மெஷினு ஒம்பதுங்குதே!” என்று சிரித்தார்.

அவர் அடித்ததில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. பிரெய்ல் என்பது ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள கட்டங்களின் வரிசை; அந்தப் புள்ளிகளை 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். தமிழ்ப் பிரெய்லில் ‘ண’ என்பது 3-4-5-6 ஆகிய நான்கு புள்ளிகள் கொண்ட கட்டம். எண்களுக்கு முன்னால் இடும் எண்குறியும் அதே 3-4-5-6 தான். ‘இ’ என்பது 2-4. ஒன்பது என்ற இலக்கமும் 2-4. ஆகவே ‘ணி’ என்பதும் ‘9’ என்பதும் தாளில் ஒரே இரண்டு கட்டங்கள். “மணி 9” என்று எழுதினால் ‘ம’வுக்குப் பின்னால் அதே வடிவம் இரண்டு முறை வரும். விரலால் வாசிப்பவருக்கு இதில் எந்தத் தயக்கமும் எழுவதில்லை, ஏனெனில் சொல்லின் நடுவே வந்தால் அது ணகரம், சொல்லின் தொடக்கத்தில் வந்தால் எண்குறி என்பதை மூளை கேட்காமலே முடிவு செய்துவிடுகிறது. அந்த நிரலை எழுதியவர் இந்த முடிவை அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரெய்லைக் கணினிக் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பலர் புதிய வடிவங்களைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே நினைக்கிறார்கள். எழுத்துகளுக்குரிய கட்டங்களில் கை வைக்கத் தேவையில்லை என்பதே இந்தப் பணியில் நான் கண்டது. எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஆங்கிலம் எங்கே நுழைகிறது, மூலக் கோப்பு எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் ஒழுங்குபடுத்தினால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். தமிழ்ப் பாடங்களையும் அறிவிப்புகளையும் பிரெய்லாக்கிக் கொடுக்க முன்வரும் ஆசிரியர்கள், பெற்றோர், தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பிரெய்ல் வடிவங்களை வரைந்து காட்டாமல் புள்ளி எண்களாகவே குறிப்பிடுகிறேன்; இதைத் திரைவாசிப்பானில் கேட்பவர்களுக்கும் அதுவே வசதி.

முதலில் குறியீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இந்த ஆறு புள்ளிகளால், வெற்றிடத்தையும் சேர்த்து, 64 வடிவங்கள் கிடைக்கும். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒலி ஒற்றுமையின் அடிப்படையில் ஒரே வடிவங்களைத் தரும் பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. அதன்படி ‘க’ 1-3, ‘த’ 2-3-4-5, ‘ப’ 1-2-3-4, ‘ம’ 1-3-4, ‘ல’ 1-2-3, ‘ழ’ 1-2-3-5-6. உயிரில் ‘அ’ 1, ‘ஆ’ 3-4-5, ‘இ’ 2-4, ‘எ’ 2-6, ‘ஏ’ 1-5, ‘ஐ’ 3-4.

அச்சில் 247 எழுத்துகளைப் படிக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கும்: பிரெய்லில் உயிர்மெய்க்கெனத் தனி வடிவம் கிடையாது. ‘கி’ என்பது ‘க’வும் ‘இ’யும் அடுத்தடுத்து. மெய்யெழுத்துக்கு 4 என்ற ஒற்றைப் புள்ளியை முன்னால் இட வேண்டும். ‘க்’ என்பது 4, பிறகு 1-3. (இதை மெய்ப்புள்ளி என்றே இனிமேல் சொல்கிறேன். இல்லையென்றால் எந்தப் புள்ளி எந்தப் புள்ளி என்று நாமே குழம்பிவிடுவோம்.) ‘நெல்லை’ என்ற சொல் ந, எ, மெய்ப்புள்ளி, ல, ல, ஐ என ஆறு கட்டங்கள். அச்சில் கண்ணுக்கு முன்னால் தெரியும் கொம்பு இங்கே ஒலி வரிசைப்படி பின்னால் வருவதைக் கவனியுங்கள்.

இதைக் கணினியோடு ஒப்பிட்டால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறையான யூனிகோடிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னாலேயே சேமிக்கப்படுகிறது. ‘பாளையங்கோட்டை’ என்ற சொல்லை யூனிகோடில் ஒழுங்காக அடித்தால் ப, கால், ள, ஐகாரக் குறி, ய, ங, புள்ளி, க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என 13 குறியீடுகள். பிரெய்லிலும் சரியாக 13 கட்டங்கள்! இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு, யூனிகோடில் மெய்க்குப் பின்னால் நிற்கும் புள்ளி பிரெய்லில் முன்னால் நிற்பதுதான். உலகின் எத்தனையோ மொழிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

எழுத்துகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். உங்கள் ஊர்ப்பெயர், வீட்டார் பெயர், தெருப்பெயர் ஆகியவற்றைப் புள்ளி எண்களாக எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். சிலேட்டும் எழுத்தாணியும் கிடைத்தால் வலமிருந்து இடமாகக் குத்தியும் பாருங்கள்; தாளைத் திருப்பி விரலை ஓட்டும்போது வரும் தெளிவு திரையைப் பார்த்து வருவதில்லை.

மூலக் கோப்பைச் சுத்தம் செய்தல்

பிழைகளில் பெரும்பாலானவை பிரெய்லில் பிறப்பதில்லை, நாம் கொடுக்கும் தமிழ்க் கோப்பிலேயே இருக்கின்றன. ஆகவே இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள்.

தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னும் பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்களும் கோயில் மலர்களும் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிவது, கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதை அப்படியே பிரெய்லாக்கினால் அந்த ஆங்கில எழுத்துகளே விரலுக்கு வரும். ஒரு பள்ளியிலிருந்து வந்த நாற்பது பக்கப் பாடக்குறிப்பை நான் பிரித்துப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டு, தடித்த பிரெய்ல் தாள் ஒரு கட்டு வீணான பிறகுதான் இந்தப் பாடத்தைக் கற்றேன். எழுத்துருவை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். தமிழ் கலைந்து ஆங்கிலமாகத் தெரிந்தால் அது யூனிகோடு அன்று. முதலில் எழுத்துரு மாற்றும் நிரலைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

யூனிகோடாக இருந்தாலும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். அச்சில் வேறுபாடு தெரியாது, பிரெய்லில் அது ‘ஒ-ள-வையார்’ என்றே வரும். ‘கோ’ என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மாற்றும் நிரல் கவனமற்றதாக இருந்தால் பின்னதை க, ஏ, ஆ என்று எழுதிவிடும். படத்திலிருந்து எழுத்தாக்கிய கோப்புகளில் காலுக்குப் பதில் ‘ர’ வந்திருக்கும்; ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழும் ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்றும் ஒளிந்திருக்கும். இவற்றைத் தேடி மாற்றும் வசதியால் ஒவ்வொன்றாகக் களையுங்கள். திரைவாசிப்பானை ஒருமுறை முழுக்க வாசிக்கவிட்டுக் கேட்டால், கண் விட்டவற்றில் பலவற்றைக் காது பிடித்துவிடும்.

எண்ணின் எல்லை

ஒன்று முதல் பூச்சியம் வரையிலான இலக்கங்களுக்குப் பிரெய்லில் தனி வடிவம் இல்லை. எண்குறிக்குப் பின்னால் வரும் ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளே இலக்கங்கள். அந்தப் பத்தில் ஆறு வடிவங்கள் தமிழில் எழுத்துகளாகவும் பயன்படுகின்றன: அ ஒன்று, ச மூன்று, ஏ ஐந்து, ஹ எட்டு, இ ஒன்பது, ஜ பூச்சியம். இதனால் விளைவது என்ன? பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய ஆண்டு 1890. அதை “1890இல்” என்று ஒட்டி எழுதினால், நிரல் இடையில் எதுவும் போடாதபோது, இகரம் இன்னோர் ஒன்பதாகிவிடும். வாசிப்பவர் கைக்கு “18909ல்” என்று வரும். “7அடி” என்பது 71டி ஆகும். “10சதவீதம்” 103தவீதம் ஆகும். “9ஆம்” மட்டும் தப்பிக்கும், ஏனெனில் ஆகார வடிவம் இலக்கம் அன்று.

ஆகவே எண்ணோடு வேற்றுமை உருபு சேரும் இடங்களில் எல்லாம் சிறுகோடு இடுங்கள்: “1890-இல்”. அளவைச் சொற்களுக்கு முன் இடம் விடுங்கள்: “7 அடி”. பிரெய்லில் சிறுகோடு 3-6. ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெய்ல் என்ற புதிய ஆங்கில முறையில் அதோடு எண் முடிந்துவிடுகிறது. நம் அச்சகங்கள் நெடுங்காலமாகப் போட்டுவந்த இந்தக் கோட்டை, கணினியில் தட்டச்சு செய்பவர்கள் சோம்பலால் விட்டுவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல். நேரத்தை “9:15” என்று எழுதாமல் “9.15” என்று எழுதுங்கள், முக்காற்புள்ளியின் வடிவமான 2-5 தமிழில் ‘ஞ’வும் ஆகும், தவிர அதற்குப் பின் எண்குறியை மீண்டும் இட வேண்டியிருக்கும்.

முதலில் சொன்ன ணகரச் சிக்கலுக்கு இலக்கணமே தீர்வைத் தருகிறது. ணகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் 3-4-5-6 வந்து அடுத்து இலக்க வடிவம் நின்றால் அது எண். சொல்லின் நடுவில் வந்தால் ணகரம். “ணகர னகர வேறுபாடு” என்று இலக்கணப் புத்தகத்தில் வருமே என்று கேட்பீர்கள். அங்கே அடுத்து நிற்கும் ‘க’ இலக்கம் அன்று என்பதால் அதுவும் தப்பிவிடும். இந்த விதி வேலை செய்ய வேண்டுமானால் எழுத்தோடு எண்ணை ஒட்டி எழுதக்கூடாது: “பிரிவு5” என்று எழுதாமல் “பிரிவு 5” என்று எழுதுங்கள்.

ஆங்கிலமும் குறிகளும்

ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெய்லின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இலக்கியத்துக்கு ஒரு குறியீடு, கணிதத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க வேண்டும் என்று பிரெய்ல் வல்லுநர்களான டிம் கிரேன்மரும் ஆபிரகாம் நெமெத்தும் 1991-இல் கோரினார்கள். 2004-இல் அது பன்னாட்டு ஏற்புக்குத் தயாரானது; அமெரிக்கா 2012-இல் ஏற்று 2016 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டு விவாதத்தில் எழுத்து வடிவம் ஒன்றுகூட மாறவில்லை. குழப்பம் தந்த ஒன்பது சுருக்கங்களை நீக்கினார்கள். மின்னஞ்சலின் அட் குறி, சாய்கோடு, அடிக்கோடு போன்றவற்றுக்கு ஐயமற்ற வடிவம் கொடுத்தார்கள். தமிழுக்கும் இந்த வழியே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த வடிவங்களைத் தமிழ் வரிக்குள் அப்படியே கொண்டுவந்தால் மோதும். அங்கே அட் குறி 4, 1. நமக்கு அது மெய்ப்புள்ளியும் அகரமும். தமிழில் வரவே முடியாத சேர்க்கை என்பதால் அதையாவது ஊகிக்கலாம். சாய்கோடு 4-5-6, 3-4; நமக்கு அது ‘ள’வும் ‘ஐ’யும், அதாவது ‘ளை’. நாம் செல்லமாக ‘பாளை’ என்று அழைக்கும் ஊரின் பெயர் ஆங்கில அட்டவணைக்கு (எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்று நிரலுக்குச் சொல்லும் பட்டியலுக்கு) ஒரு சாய்கோட்டில் முடிகிறது! ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக் குறியான 6 நமக்கு ஆய்தம். அவர்களுடைய 5-6 என்ற குறி நமக்கு ‘ன’.

எனவே இணைய முகவரியையும் மின்னஞ்சலையும் வாக்கியத்துக்குள் புதைக்காதீர்கள். “முகவரி ஆங்கிலத்தில்” என்று எழுதி அடுத்த வரியில் தனியாக இடுங்கள். ஓரிரு ஆங்கிலச் சொற்கள்தாம் என்றால் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள். ரூபாய்க் குறிக்குப் பதில் “ரூ.” என்று எழுதுங்கள். முகபாவப் படங்களை நீக்குங்கள், ஏனெனில் அட்டவணைக்குத் தெரியாத குறி வந்தால் நிரல் அதன் குறியீட்டு எண்ணை நீளமாக எழுதி ஒரு வரியையே தின்றுவிடும்.

மாற்றும் நிரல்

விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவுங்கள். அதற்குள் லிப்லூயி என்ற திறமூல மாற்றி இருக்கிறது; அதில் தமிழ் அட்டவணை உண்டு. இன்செர்ட் விசையோடு என் அழுத்தி, அமைப்புகளில் பிரெய்ல் பகுதிக்குச் சென்று, வெளியீட்டு அட்டவணை, உள்ளீட்டு அட்டவணை இரண்டையும் தமிழ் முதல் நிலைக்கு, அதாவது சுருக்கங்கள் இல்லாத முறைக்கு, மாற்றுங்கள். கர்சர் நிற்கும் சொல்லைக் கணினிப் பிரெய்லாக விரித்துக் காட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள். புதியவர்கள் அதைக் கண்டு பிழை என்று பதறுகிறார்கள். கருவிகள் பட்டியிலுள்ள பிரெய்ல் காட்டியைத் திறந்தால், புள்ளிகளை ஏற்றி இறக்கி விரலுக்கு ஒரு வரியாகக் காட்டும் பிரெய்ல் சாதனம் இல்லாமலே வடிவங்களைத் திரையில் பார்க்கலாம். விலையுயர்ந்த சாதனம் வாங்கும் முன் இதில் பழகுவது நல்லது.

சாதனங்களிலும் யூனிகோடிலும் எட்டுப் புள்ளிகளுக்கு இடமிருக்கிறது. 1999-இல் வந்த யூனிகோடு 3.0 பிரெய்லுக்கு 256 இடங்களை ஒதுக்கியது. கீழே கூடும் 7, 8 புள்ளிகளைத் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்தால் மோதல்கள் தீருமே என்று சிலர் சொல்கிறார்கள். சிலேட்டிலும் தாளிலும் ஆறே புள்ளிகள் இருக்கும்வரை அது இரண்டு தமிழ்ப் பிரெய்லை உண்டாக்கிவிடும் என்பதால் நான் உடன்படுவதில்லை. இன்னொன்று: யூனிகோடின் பிரெய்ல் வடிவங்களுக்கு மொழி கிடையாது, 1-3 என்பது ‘க’வா ஆங்கிலக் ‘கே’யா என்று கோப்பு சொல்லாது. ஆகவே தமிழ் மூலத்தையே பாதுகாத்து வையுங்கள். பிரெய்லைக் கடைசியில் உருவாக்குங்கள்.

ஒரு பயிற்சி: பேருந்து நேரப் பட்டியல்

பாபநாசம் செல்லும் பேருந்துகளின் நேரப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எண், ஊர்ப்பெயர், அட்டவணை எல்லாம் இருப்பதால் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வழக்கமான பிரெய்ல் தாளில் வரிக்கு 40 கட்டங்கள், பக்கத்துக்கு 25 வரிகள். ‘கல்லிடைக்குறிச்சி’ மட்டும் 17 கட்டங்கள் கேட்கும்; ‘9.15’ ஐந்து கேட்கும். ஆகவே தாளில் இரண்டு நெடுவரிசைகளுக்கு மேல் வைக்க முயலாதீர்கள்.

14 கட்டச் சாதனத்தில் நிலைமை வேறு. ‘பாளையங்கோட்டை’ எழுதியதும் ஒரு கட்டம்தான் மிஞ்சும்; கல்லிடைக்குறிச்சி ஒரே வரியில் அடங்கவே அடங்காது. அங்கே அட்டவணையைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு பேருந்தையும் ஒரு தனி வரியாக, நேரத்தை முதலிலும் ஊரை அதன் பின்னும் வைத்து எழுதுங்கள். வண்டியைப் பிடிக்கப் போகிறவர் விரல் முதலில் தேடுவது நேரத்தைத்தான். ‘மேற்கண்ட’, ‘அதே’ என்று சுருக்காமல் ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்; ஒரு வரி மட்டுமே தெரியும் சாதனத்தில் மேலே ஏறிப் பார்ப்பது பெரும்பாடு.

சட்டத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்ற, விற்று இலாபம் பார்க்காத வரையில், இடமளிக்கிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் எளிதில் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான்.

மெய்ப்பும் முறையீடும்

திரையில் சரியாகத் தெரிவதை நம்பி முடித்துவிடாதீர்கள். பிரெய்லை நாள்தோறும் வாசிக்கும் ஒருவர் விரலால் படித்துப் பார்க்க வேண்டும். அந்த உழைப்புக்கு ஊதியம் கொடுக்கவும் வேண்டும். எனக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் அக்கா ஒருவர் பிழை உள்ள இடத்தில் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். விரல் நின்று, ஒரு கட்டம் பின்னால் போய், மீண்டும் வரும். நான் உடனே அந்த வரியைக் குறித்துக்கொள்வேன். பாதி நேரம் அது பிழையாக இருக்காது, நான் எழுதிய வாக்கியம் குழப்பமாக இருக்கும்.

பிழை உண்மையில் மாற்றியினுடையதாக இருந்தால் நீங்களே திருத்திக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள். லிப்லூயியின் அட்டவணை ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான்; வரிக்கு ஒரு விதி. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தம் முன்மொழியலாம். முன்மொழியும்போது “தமிழ் சரியாக வரவில்லை” என்று எழுதினால் எவருக்கும் பயனில்லை. கொடுத்த சொல், வந்த கட்டங்கள் புள்ளி எண்களாக, வர வேண்டிய கட்டங்கள் புள்ளி எண்களாக, நிரலின் பதிப்பு எண் என்ற நான்கையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: கொடுத்தது 3-4-5-6, 2-4 என முடியும் ‘தாமிரபரணி’; வந்தது ‘தாமிரபர9’; வர வேண்டியது ‘ணி’. கூடவே “மணி 9” என்ற தொடரையும் அனுப்புங்கள், ஏனெனில் முதலாவதைத் திருத்தப் போய் இரண்டாவதைக் கெடுத்துவிடுவது எளிது. அனுப்பும் முன் பிரெய்ல் வாசிக்கும் இரண்டு பேரிடமாவது கேட்டு, வர வேண்டிய வடிவம் எது என்பதில் அவர்கள் ஒத்துப்போகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.